ஸ்டேண்ட்பை அங்கிள்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு அங்கிள் குடை இல்லாமல் கேட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அந்தக் குடை விரிந்தும் பார்த்ததில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ளும். கடைக்குப் போனவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வருவார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"அங்கிள், கையில இருக்கறது என்னா?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். வாயை அடக்கத் தெரியாதவள் நான்.

"குடைம்மா."

"விரிச்சா நனைய மாட்டோமாம், கேள்விப்பட்டேன்."

"இது தூறல்லா. பெருசா வந்தா அப்ப என்னா செய்வே? இது ஸ்டேண்ட்பை."

தூறலுக்கு விரித்த குடை பெரிய மழைக்கும் விரியும் என்று அவரிடம் சொல்லி ஜெயித்தவர் யாருமில்லை. எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் வருகிற சொல்தான் அது. காடி, அதாவது கார், ஸ்டேண்ட்பை, சோறு ஸ்டேண்ட்பை, கல்யாண வீட்டில் பந்தி பரிமாற நாலு பேர் ஸ்டேண்ட்பை. ஆனால் மற்றவர்கள் தேவை வந்தால் எடுத்துப் பயன்படுத்துவார்கள். அங்கிளுக்கு ஒரு பொருள் ஸ்டேண்ட்பை ஆகிவிட்டது என்றால் அது சாமிக்கு நேர்ந்துவிட்ட மாதிரி. அதன்மேல் கை வைக்கக் கூடாது.

அவர் வீட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காத குக்கர் ஒன்று இருந்தது. உறையிலிருந்து எடுக்காத மூக்குக் கண்ணாடி இருந்தது. காடியின் பின்பக்கம் ஒரு சட்டையும் ஒரு ஜோடி புதுச் சிலிப்பரும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருந்தன. அந்தச் சிலிப்பர் கதையை ஆன்ட்டி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"தைப்பூசத்துக்குப் போனோம். வெளிய விட்ட சிலிப்பர எவனோ போட்டுட்டுப் போயிட்டான். உச்சி வெயிலு, தார் ரோடு. இவரு தவள மாதிரி குதிச்சுக் குதிச்சு காடிக்கு வந்தாரு. பின்னாடி புதுசு இருக்குல்ல, எடுத்துப் போடுங்கன்னு சொன்னேன். 'வீட்டுக்குத்தானே போறோம், அது ஸ்டேண்ட்பை'ங்கறாரு. மறுநாள் காலெல்லாம் கொப்பளம்!"

அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சிரிப்பார். தன்னைப் பற்றிய கேலியை அவரைப் போல ரசித்துக் கேட்ட மனிதரை நான் பிறகு சந்திக்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆன்ட்டிதான் சொன்னார். அங்கிள் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே முறை வைத்து 'ஸ்டேண்ட்பை வாரம்' வரும். அந்த வாரம் முழுக்க ஆள் வீட்டில் இருந்தாலும் கம்பெனிக்குச் சொந்தம். போன் அடித்தால் அடுத்த நிமிஷம் கிளம்ப வேண்டும். அங்கிள் குளிக்கப் போனால் ஆன்ட்டி போனை ஏந்திக்கொண்டு பாத்ரூம் கதவருகே நிற்க வேண்டுமாம். பெரும்பாலும் அது அடித்ததே இல்லை.

"கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் நான் தனியாத்தான் போவேன். புருஷன் எங்கன்னு கேப்பாங்க. வீட்ல போனுக்குக் காவல் இருக்காருன்னு சொல்வேன். பாதி வாழ்க்க அப்படியே போச்சு."

இதை மட்டும் ஆன்ட்டி சிரிக்காமல் சொல்வார். அப்போது அங்கிள் எழுந்து பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு அந்தப் பேட்டரிப் பெட்டி வந்தது. எங்கள் குடியிருப்பான தாமானில் ஒருமுறை ஏதோ பழுதாகி ஒரு பகல் முழுக்க மின்சாரம் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு அங்கிள் பல நாள் கைபேசியில் தேடித் தேடிப் பார்த்து அதை வரவழைத்தார். சின்னப் பயணப் பெட்டி அளவுதான், தூக்கினால் அரிசி மூட்டைக் கனம். முகப்பில் ஒரு திரை. கூடவே, மடித்துப் பையில் வைக்கிற சோலார் தகடும் வந்தது. தகட்டை வெயிலில் விரித்தால் பெட்டி நிரம்பும். மின்சாரம் போனால் ஃபேன், லைட்டு, ஐஸ்பெட்டி எல்லாம் அதிலேயே ஓட்டிக்கொள்ளலாம். புகை இல்லை, சத்தம் இல்லை. அங்கிள் இதையெல்லாம் எனக்கு விளக்கியபோது முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

விளக்கினாரே தவிர, ஓட்டவில்லை. ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு அதன்மேல் பெட்டியை உட்கார வைத்து, ஆன்ட்டி பின்னிய வெள்ளைத் துணியை மேலே போர்த்தினார். திரையில் நூறு என்று இருக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது ஆனால் மனது கேட்காது, உடனே சுவர் பிளக்கில் போட்டு நூறாக்கிவிடுவார். அதனால் சோலார் தகட்டுக்கு வேலையே இல்லாமல் போனது. அது பையோடு அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

ஆன்ட்டி அந்தப் பெட்டிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். "ஹால்ல நல்ல எடமா பாத்து ஒக்காந்திருக்காரு. வேளா வேளைக்கு சாப்பிடறாரு. ஒரு வேலையும் செய்யறதில்ல. வேற என்னான்னு கூப்பிடறது?"

மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். வரிசையில் எல்லோரும் போர்ச்சுக்கு வந்து நிற்போம். அங்கிளும் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு வருவார்.

"அங்கிள், உள்ள பெட்டி இருக்குல்ல?"

"இருக்கு. ஃபுல்லு." சொல்லும்போதே ஒரு நிறைவு.

"அப்ப ஃபேன போடலாமே?"

"இது சின்னதும்மா, இப்ப வந்துரும். இதுக்குப் போயி அத எடுத்துட்டு, அப்பறம் பெருசு வந்தா?"

"அந்தப் பெருசு எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு," என்பார் ஆன்ட்டி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "நான் வெந்து முடிஞ்சப்பறமா?"

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். மின்சாரம் போனால் காடியை ஓட விட்டு வரிசையில் இருக்கிற எல்லோருடைய போனுக்கும் சார்ஜ் போட்டுக் கொடுப்பார். மெழுகுவத்தியை வீடு வீடாகக் கொண்டு வருவார். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பவர்தான். ஸ்டேண்ட்பை சட்டையை மட்டும் கேட்கக் கூடாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அங்கிள் ஸ்பேனர், சுத்தியல், காடி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மாப்பிள்ளைக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பிறகு அலமாரி மேலிருந்து சோலார் தகட்டை இறக்கி, மடிப்பு மடிப்பாக விரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் அகலமாகப் பட்டை போட்டு, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தார். காய்ந்ததும் பழையபடி மடித்து மேலே வைத்துவிட்டார். நான் பொங்கலும் சுண்டலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தகடு ரொம்ப லட்சணமாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது எனக்குக் கைக்குழந்தை. பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். என் கணவருக்கு பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை. பகலில் என் மகளைப் பார்த்துக்கொண்டது ஆன்ட்டிதான். பிரசவ விடுப்பில் இருந்தபோதே தாய்ப்பாலைப் பீய்ச்சி, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, என் ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் உறைய வைத்துச் சேர்த்திருந்தேன். வேலைக்குத் திரும்பியதும் பால் வற்றத் தொடங்கி, பிறகு அடியோடு நின்றுவிட்டது. மாவுப்பால் கொடுத்தால் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்து வாந்தி வந்தது. திட உணவு பழகும்வரை அந்தப் பைகளை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். தினமும் ஆன்ட்டி என் வீட்டுக்கு வந்து அன்றைக்கு வேண்டியதை எடுத்துப் போவார்.

அங்கிளுக்கு இந்த விஷயத்தில் மகா கூச்சம். ஆன்ட்டி பையோடு வந்தால் தலையைத் தூக்கி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார். அதற்குப் 'பால்' என்றுகூடச் சொல்ல மாட்டார். 'பாப்பா சாமான்' என்பார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பேய்மழை. காற்று தாமான் முகப்பில் இருந்த பெரிய மரத்தைச் சாய்த்து மின்கம்பிமேல் போட்டுவிட்டது. நாளைக்குச் சாயங்காலத்துக்கு முன்னால் மின்சாரம் வராது என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மரம் ரோட்டையும் அடைத்துக்கொண்டதால் காடி எதுவும் வெளியே போக முடியாது. கணவர் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டார், அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்து சேரவில்லை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போர்ச்சில் நின்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எடுத்துவைக்க இடம் இருந்தவர்களிடம் கொண்டு போக வழி இல்லை. கடைசி போனை வைக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

அங்கிள் அந்தப் பக்கம் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொந்தப் பெண்டாட்டிக்கே ஃபேன் போடாதவர்.

"என்னாம்மா, பாப்பா சாமானா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா அங்கிள். எல்லாம் உருகிப் போயிரும்."

"ஏம்மா அவ்ளோ சேத்து வச்சிருக்க? அன்னன்னிக்கு உள்ளது பத்தாதா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அன்னன்னிக்கு எங்க இருக்கு? எனக்கு வத்திப்போச்சு அங்கிள்! அங்க இருக்கறதுதான் மொத்தமும். அதான் பாப்பாவுக்கு ஸ்டேண்ட்பை. ஸ்டேண்ட்பைன்னா என்னான்னு நானா உங்களுக்குச் சொல்லணும்?"

விசிறிய அட்டை நின்றது. அங்கிள் கூரையை விட்டுவிட்டு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்த மேல்தட்டு முழுசுமா?"

"முழுசும்."

"எல்லாம் ஸ்டேண்ட்பையா?"

"எல்லாம்."

"அலமாக்," என்றார், ஐயையோ என்பது போல. எழுந்து உள்ளே போனார். மெழுகுவத்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல் கேட்டது. "என்னாங்க, துணிய எடுக்கறீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அடுத்த நிமிஷம் அங்கிள் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, எங்கள் கேட்டுக்குள் வந்தார். பின்னிய துணி தோளில் கிடந்தது. பின்னாலேயே ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"வழி விடும்மா," என்றார் அங்கிள். "ஸ்டேண்ட்பைக்கே ஆபத்துன்னா அது பெருசுலா."

என் சமையலறையில் பெட்டியை இறக்கி, ஐஸ்பெட்டியின் பிளக்கை அதில் சொருகினார். பட்டனுக்குப் பக்கத்தில் போன விரல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. "நான் வேணா அமுக்கட்டுமா?" என்று ஆன்ட்டி மெல்லக் கேட்டார். அங்கிள் தலையை ஆட்டிவிட்டுத் தானே அமுக்கினார். ஐஸ்பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. நான் குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதேன். அங்கிள் அவசரமாக மேலே ஃபேனைப் பார்த்தார். அது சுற்றவில்லை, ஆனாலும் பார்த்தார்.

அதற்குப் பிறகு என் சமையலறை அவர் தொழிற்சாலை ஆனது. ஐஸ்பெட்டிக் கதவில் குறுக்கே டேப் ஒட்டி, யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். திரையில் நூறு தொண்ணூற்றொன்பது ஆனபோது, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி நெளிந்தார்.

"வேலை செஞ்சா கொறையத்தாங்க செய்யும்," என்றார் ஆன்ட்டி. "நீங்க மட்டும் வேலைக்குப் போயிட்டு வரும்போது எளைக்காமயா வந்தீங்க?"

காலையில் பார்த்தபோது பெட்டியில் கால்வாசிகூட மிச்சமில்லை. நல்லவேளையாக வெயில் பளிச்சென்று அடித்தது. "இப்பதான் சோலாருக்கு வேல," என்று அங்கிள் உற்சாகமாகப் போய்த் தகட்டை எடுத்து வந்து, எங்கள் போர்ச்சுக்கு வெளியே வெயிலில் விரித்து, ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். மின்சாரம் உள்ளே வருகிறதுதான், ஆனால் வேண்டாவெறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ்பெட்டி இழுப்பது அதைவிட அதிகம்.

அங்கிள் தகட்டைச் சாய்த்தார், திருப்பினார், காடியைத் தள்ளி நிறுத்தினார், ஒயரைக் கழற்றி மாட்டினார். அவருக்கு மனப்பாடமாக இருந்த கையேட்டை வாய்விட்டு ஒப்பித்தார். ஒன்றும் நடக்கவில்லை. வியர்வை ஆறாக ஓடியது. பெட்டியில் இருந்தது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து தகட்டின் முன்னால் நின்றார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஏங்க, சூரியன் உள்ள போற எடத்தையெல்லாம் பட்ட போட்டு அடச்சு வச்சிருக்கீங்களே!"

அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். ஆயுத பூஜைத் திருநீறு ஒவ்வொரு மடிப்பிலும் சுண்ணாம்பு பூசியது போலக் கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. பைக்குள்ளேயே இருந்ததால் ஒரு கோடுகூடக் கலையவில்லை. லட்சணமாக இருக்கிறது என்று சொன்னவளும் நான்தான்.

அங்கிள் துணியை எடுத்தார், கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். "சாமி கும்பிட்டு வச்சதும்மா. எப்படித் தொடைக்கறது?"

"அந்தச் சாமிதாங்க பாப்பாவுக்கும் சாமி," என்றார் ஆன்ட்டி. "தொடைங்க."

அங்கிள் சிலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பேசினில் தண்ணீர் கொண்டு வந்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு பட்டையாக நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். துணியைப் பேசினிலேயே பிழிந்தார், கீழே ஒரு சொட்டு சிந்தவில்லை. யார் காலிலும் படக் கூடாது என்று அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினார். எனக்கு அவசரம் ஒரு பக்கம், அவரைப் பார்க்கப் பார்க்கப் பாசம் ஒரு பக்கம்.

நான் உள்ளே ஓடித் திரையின் முன்னால் குந்தினேன். உள்ளே வருகிற மின்சாரத்தின் எண் ஏறிக்கொண்டே போனது. "ஏறுது அங்கிள், ஏறுது!" என்று கத்தினேன். ஒரு மடிப்பு துடைத்து முடித்ததும் ஒரு கத்தல், அடுத்த மடிப்புக்கு இன்னொரு கத்தல். கடைசி மடிப்பும் சுத்தமானபோது, ஐஸ்பெட்டி இழுப்பதைவிட வெயில் கொடுப்பது அதிகமாகிவிட்டது. வெளியே ஆன்ட்டி குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்துக்கொண்டிருந்தார். அங்கிள் நடு ரோட்டில் வெறுங்காலோடு நின்று சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. தெருவே ஓவென்று கத்தியது. டேப்பைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு பைகூட இளகவில்லை. அங்கிள் பெட்டியைத் துணியால் துடைத்துத் தூக்கிக்கொண்டு போய், பழைய இடத்திலேயே உட்கார வைத்து, நூறாகும்வரை பிளக்கில் போட்டார். அவ்வளவுதான், இனி அடுத்த பெருசு வரும்வரை மாப்பிள்ளைக்கு ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. எல்லோரும் போர்ச்சுக்கு வந்தோம். ஆன்ட்டியைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். ஹாலில் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு, முடியெல்லாம் பறக்க, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். அங்கிள் பக்கத்தில் நின்று திரையில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இது சின்னதுலா?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

அவர் திரும்பவில்லை. "அவளுக்கு வேர்க்குதும்மா," என்றார்.

ஆன்ட்டி கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மாப்பிள்ள வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டாரு."

பிறகு அவர்கள் லாயாங் லாயாங் என்ற ஊரில் சொந்தக்காரர்கள் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு வேறு யாரோ வந்தார்கள். நல்லவர்கள்தான், மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு என்னவோ அதைப் பார்க்கச் சப்பென்று இருக்கும்.

என் மகள் நன்றாக ஓடியாடிப் பேசத் தொடங்கிய பிறகு அவர்களைப் பார்க்கப் போனோம். காடியைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடக்க வேண்டும். அங்கிள் சந்து முனையில் காத்திருந்தார். லேசான தூறல். அவர் கையில் குடை விரிந்திருந்தது! நான் நம்பாமல் நின்று பார்த்தேன். அவர் அதன் கீழே என் மகளை நிற்க வைத்து, பிடியை அவள் கையில் கொடுத்தார். அவர் தலையில் மட்டும் கைக்குட்டை. அக்குளில் இன்னொரு குடை, சுருட்டியபடி.

"தாத்தா, அது எதுக்கு?" என்று மகள் கேட்டாள்.

"அது ஸ்டேண்ட்பைம்மா."

"யாருக்கு?"

அங்கிள் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்காதவர் போல யோசித்தார். பிறகு அக்குளிலிருந்து குடையை உருவி, தானே விரித்து, என் கையில் கொடுத்தார்.

"உங்கம்மாவுக்கு," என்றார்.

கணவர் பலகாரப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் மகளும் நனையாமல் நடந்தோம். அங்கிள் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டு வாசலிலிருந்து ஆன்ட்டி கத்தினார்.

"ஏங்க, உள்ள இன்னொரு குடை இருக்கே, அத எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"இது தூறல்லா!" என்று அங்கிள் சந்தோஷமாகத் திருப்பிக் கத்தினார்.